கூட்டுப் பட்டா

பெலவேந்திரன் மஸ்கட்டிலிருந்து கேட்டது
ஒன்றே ஒன்றுதான்:
ஜனவரியில் நின்ற சில்வர் ஓக்கில்
ஜூனில் எத்தனை இல்லை?

அண்ணன் இன்னாசிமுத்து மலையில் இருக்கிறார்.
எஸ்டேட் இன்னும் பாகம் பிரியவில்லை.
பட்டாவில் பேர் இரண்டு, மண் ஒன்று.
நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

அஸ்தம்பட்டியில் மெத்தைக் கடைக்கு மேலே
என் அலுவலகம். ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
தூறினாலே போய்விடும் இணையம்.
ராஜகிளி ட்ரோனோடு இரண்டு தடவை மலையேறினாள்.
இருபதாவது கொண்டை ஊசி வளைவும் தாண்டி,
பனி விலகும்வரை காத்திருந்து
இரண்டு படம் கொண்டுவந்தாள்.

ஒரு வகுப்பு எழுதினேன்.
அதிலிருந்து ஒரு பொருள், பெயர் ‘படம்’.
ஜனவரியை அதில் ஏற்றினேன்.
‘முன்’ என்று எழுதி
சமக்குறி போட்டு
படம் என்றேன்.
ஜனவரி பத்திரமாகிவிட்டது என்ற நம்பிக்கையில்
அதே படத்தில் ஜூனை ஏற்றினேன்.
இப்போது கழித்துப் பார் என்றேன்.

பூஜ்யம்.

ஆறு மாதத்தில்
ஒரு நிழல்கூட நகராத மலை எங்கே இருக்கிறது?
சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
ஆனால் அன்று வெள்ளிக்கிழமை,
வாடகை கேட்டு மெத்தைக்காரர் இரண்டு முறை
படியேறி வந்திருந்தார்.
அனுப்பிவிட்டேன்.

“அண்ணனைத் தப்பாக நினைத்துவிட்டேன் மேடம்,
இப்போதே போன் போடுகிறேன்”
என்று பதில் வந்தது. பணமும் வந்தது.

ஞாயிறு இரவு, பில்லோடு இணைக்க
‘முன்’னைத் திறந்தேன்.
ஜனவரியில் களம் முழுக்கக் காபி காய வேண்டும்.
என் ஜனவரியில் களம் காலி.
அதன் சிமெண்ட்டில்
மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

நான் எடுத்து வைத்தது இன்னொரு படம் அல்ல,
இன்னொரு பெயர்.
சமக்குறி எதையும் நகலெடுப்பதில்லை.
விரலை நீட்டி ‘அதோ’ என்று காட்டும், அவ்வளவே.
இரண்டு விரல், ஒரே மலை.
ஒன்றில் வெட்டினால் மற்றதிலும் விழும்.
ஜூனிலிருந்து ஜூனைக் கழித்து
அண்ணனுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன்.

சரி, நகலெடு என்றேன்.
மறுபடியும் பூஜ்யம்.
அகலம், உயரம், தேதி மட்டும் புதிதாக வந்திருந்தன;
புள்ளிகள் எங்கே என்று கேட்டால்
அதே பழைய முகவரி.
தாலுகா ஆபீஸ் எதிரில் அவசரத்துக்கு எடுத்த
ஜெராக்ஸ் மாதிரி,
மேல்தாள் மட்டும்.

பிறகு வரிசை வரிசையாக,
புள்ளி புள்ளியாக,
சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அள்ளி
வேறிடத்தில் கொட்டச் சொன்னேன்.
நினைவகம் திணறியது. மடிக்கணினி
தோசைக்கல்லாய்ச் சுட்டது.
இரவு ஒன்றரைக்கு
ஜனவரி ஜனவரியாகவே நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு.

மரங்கள் மட்டுமா,
அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும்.

எழுதினேன். அழித்தேன்.
நாலு வருஷம் கழித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்,
அந்தப் பேச்சு நிற்பதே
என் தவறின் மேல்தான்.
ஜன்னலில், மலைச் சாலையில்
ஒற்றை லாரியின் விளக்கு
வளைவுக்கு வளைவு அணைந்து அணைந்து இறங்கியது.
ஐந்தே முக்காலுக்கு அனுப்பினேன்.
மன்னிக்கவும், பிழை என்னுடையது என்று.

ஏழு மணிக்குப் பதில்:
“அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார் மேடம்.
மன்னிப்புக் கேட்கத்தான் நான் கூப்பிட்டேன்.
என்னைப் பேசவிடாமல் அவரே சொன்னார்,
பேங்க் கடனுக்காம், இருநூற்று நாற்பது மரம்.
உங்கள் கணக்கில்
இருபத்தெட்டு குறைகிறதே?”

மறுபடி திறந்தேன்.
ஜனவரிப் படத்தின் வடகிழக்கு மூலையில்
ஒரு மேகத்தின் நிழல், கருப்பாக, அகலமாக.
ராஜகிளியைக் கேட்டேன்.
“மேகம் நகரட்டும்னு நான் காத்திருந்தேன்க்கா,
பேட்டரி காத்திருக்கலை” என்றாள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி
அந்த இருளுக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன்.
பதினாறு கிடைத்துவிட்டது.
நகலில்தான் தேடுகிறேன்.
அசலைத் தொடவில்லை.